சிறிய கச்சேரிக்கு எந்த மிக்சர் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் மண்டபம், பள்ளி அரங்கு, தெருவோரச் சபா, மொட்டைமாடிக் கச்சேரி என ஐம்பது பேர் முதல் இருநூறு பேர் வரை உட்கார்ந்து கேட்கும் இடங்களுக்குச் சொந்தமாக ஒரு மிக்சர், அதாவது பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி, வாங்க நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. கர்நாடகக் கச்சேரியையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மெல்லிசைக் குழு, பஜனை மண்டலி, தேவாலயப் பாடகர் குழு வைத்திருப்பவர்களும் இதே கணக்கைத் தங்கள் மேடைக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் உட்கார்ந்திருப்பவரின் காதை நினைத்து மிக்சர் வாங்குங்கள். சின்ன மண்டபத்தில் சபையோருக்குப் பாதி ஒலி நேராகவே வந்து சேர்ந்துவிடும். தம்பூராவும் வயலினும் காதில் விழாமல் தவிக்கும் பாடகருக்கோ அந்த இரண்டரை மணி நேரமும் வேதனை.

பெட்டியில் ‘12 சேனல்’ என்று போட்டிருக்கிறது. 12 மைக் செருகலாமா?

முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த எண்ணில்தான். சேனல் என்பது ஒரு ஒலி உள்ளே வரும் வழி. இடது, வலது என இரண்டு உள்ளீடுகள் சேர்ந்த ஸ்டீரியோ சேனல் ஒன்றை நிறுவனங்கள் இரண்டாக எண்ணுகின்றன. மைக்கின் மெல்லிய மின்சைகையைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் எத்தனை சேனலில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூவில் 10 உள்ளீடுகள் இருந்தாலும் மைக் செருக முடிந்தவை 4. எம்ஜி12எக்ஸ்யூவில் 6. எம்ஜி16எக்ஸ்யூவில் 10. பெரிங்கர் எக்ஸ்ஆர்12 என்ற டிஜிட்டல் மிக்சரிலும் மைக் ப்ரீஆம்ப் நான்கே. அதன் அண்ணன் எக்ஸ்ஆர்18இல் 16.

கடையில் பெட்டியை வைத்துக்கொண்டு, மூன்று துளையுள்ள வட்டமான எக்ஸ்எல்ஆர் துவாரங்களை விரல்விட்டு எண்ணுங்கள். அந்த எண்தான் உங்களுக்கு உதவும்.

ஒரு கர்நாடகக் கச்சேரிக்கு எத்தனை மைக் உள்ளீடு தேவை?

பாடகருக்கு ஒன்று. வயலினுக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கும் தொப்பிக்குமாக இரண்டு. கடமோ கஞ்சிராவோ இருந்தால் ஒன்று. ஆக ஐந்து. பின்னால் உட்கார்ந்து கூடப் பாடும் சீடர்களுக்கு ஒன்று, நன்றியுரைக்கும் அறிவிப்புக்கும் ஒன்று என்று ஏழாகிவிடும். எலக்ட்ரானிக் தம்பூராவையோ கைபேசித் தம்பூராவையோ நேராக லைன் உள்ளீட்டில் (மைக்கைவிட வலுவான மின்சைகைக்கான துவாரம்) கொடுத்துவிடலாம். அதற்கு மைக் சேனல் வேண்டியதில்லை.

எனவே நான்கு மைக் உள்ளீடு என்பது வீட்டு நவராத்திரிக் கச்சேரிக்கு, அதாவது ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கத்துக்குச் சரியாக இருக்கும். அறிவிப்புக்கு மைக் வேண்டுமென்றால் எதையாவது பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். ஆறு இருந்தால் சமாளிக்கலாம். எட்டு இருந்தால் நிம்மதி. இன்றைய தேவைக்கு மேல் இரண்டு உள்ளீடு கூடுதலாக இருக்கும்படி வாங்குங்கள். கூடுதல் என்பது ஆடம்பரத்துக்காக இல்லை. நடுக்கச்சேரியில் ஒரு சேனல் கரகரத்தால் வயரை மாற்றிச் செருக இடம் வேண்டும்.

ஆக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

மிக்சரில் எல்லாச் சேனலும் கலந்து சபையை நோக்கிய ஸ்பீக்கருக்குப் போவது முதன்மைக் கலவை. அதே சேனல்களிலிருந்து வேறு அளவில், வேறு விகிதத்தில் இன்னொரு கலவை எடுத்துத் தனி வழியாக அனுப்பினால் அதுதான் ஆக்ஸ். மேடையில் கலைஞர்கள் முன்னால் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஒலி இந்த வழியாகத்தான் போகிறது.

மேடையில் ஆளுக்கொரு தேவை இருக்கும். பாடகருக்குத் தம்பூராவும் வயலினும் தெளிவாகக் கேட்க வேண்டும். தன் குரல் கொஞ்சம் போதும். வயலின் வித்வானுக்குப் பாடகரின் குரல் ஒவ்வொரு பிருகாவும் விழும்படி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஆலாபனையில் எப்படிப் பின்தொடர்வது? மிருதங்க வித்வானுக்குப் பாட்டின் சொற்கள் கேட்க வேண்டும். எடுப்பு எங்கே விழுகிறது என்பதை அவர் சாகித்யத்திலிருந்துதான் பிடிக்கிறார். ஒரே ஆக்ஸ் இருந்தால் இந்த மூவருக்கும் ஒரே கலவைதான். ஒருவர் ‘வயலினை ஏற்றுங்கள்’ என்பார், அடுத்தவர் ‘குறையுங்கள்’ என்பார். மைக் செட்காரர் என்ன செய்வார்? மேடையிலிருந்து கைகாட்டிக்கொண்டே இருக்கும் கச்சேரிகள் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் அப்படி ஆகின்றன. ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, பெட்டியில் வழி இல்லை.

அதனால் மண்டபக் கச்சேரிக்குக் குறைந்தது இரண்டு ஆக்ஸ் வேண்டும் என்பது என் உறுதியான நிலை. ஒன்று பாடகருக்கு, மற்றொன்று பக்கவாத்தியங்களுக்கு. சிறிய அனலாக் மிக்சர்களில் ஒரு ஆக்ஸை எதிரொலி எஃபெக்டும் பங்கு போட்டுக்கொள்ளும். எம்ஜி10எக்ஸ்யூவில் இருக்கும் ஒரே அனுப்புவழியும், எம்ஜி12எக்ஸ்யூவில் இருக்கும் இரண்டில் ஒன்றும் அப்படிப்பட்டவை. விளம்பரத்தில் ‘2 ஆக்ஸ், எஃபெக்ட் உட்பட’ என்று இருந்தால், எஃபெக்ட் போட்டபின் மானிட்டருக்கு மிஞ்சுவது ஒன்றுதான் என்று படியுங்கள்.

ப்ரீ ஃபேடர், போஸ்ட் ஃபேடர் என்ற வேறுபாடு எனக்குத் தேவையா?

மிகவும் தேவை. சேனலின் ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியைத்தான் ஃபேடர் என்கிறோம். போஸ்ட் ஃபேடர் ஆக்ஸில், சபைக்காக ஒரு சேனலின் ஃபேடரை இறக்கினால் மானிட்டரிலும் இறங்கிவிடும். மிருதங்கம் சபையில் அதிகமாகக் கேட்கிறது என்று நீங்கள் குறைப்பீர்கள். மேடையில் தனக்குக் கேட்பதும் குறைந்து வித்வான் இன்னும் ஓங்கி வாசிப்பார். ப்ரீ ஃபேடர் என்றால் சபைக்கு என்ன செய்தாலும் மானிட்டர் நிலையாக இருக்கும். மானிட்டருக்கு ப்ரீ, எஃபெக்டுக்குப் போஸ்ட். ஆக்ஸ் குமிழுக்குப் பக்கத்தில் ‘ப்ரீ’ என்ற சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மாடல்களில் அது எந்த வகை என்பதைக் கையேட்டில் உள்ள வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனலாக் வாங்கலாமா, டிஜிட்டல் வாங்கலாமா?

யார் இயக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கோவில் கமிட்டியில் இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று கை மாறிக்கொண்டே இருந்தால் அனலாக் வாங்குங்கள். எல்லாக் குமிழும் கண்முன்னால் இருக்கும். எது எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளலாம். பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் ஒரு கல்லூரி மாணவர்கூடச் சமாளித்துவிடுவார். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்தாலும் அனலாக் மிக்சர் அந்த நொடியிலேயே வேலைக்கு வந்துவிடும்.

ஒரே ஆள், கற்றுக்கொள்ள ஆர்வமுள்ள ஆள், நிரந்தரமாக இருக்கிறார் என்றால் டிஜிட்டலுக்குப் போகத் தயங்க வேண்டாம். அதே குழு அதே மண்டபத்தில் திரும்ப வாசிக்கும்போது சென்ற முறை வைத்த அமைப்பைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சேனலுக்கும் கம்ப்ரஸர் (திடீரென ஓங்கும் ஒலியை அடக்குவது), பல பட்டை ஈக்யூ (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) எல்லாம் உள்ளேயே இருக்கும். முக்கியமாக, ஆக்ஸ் தாராளம். எக்ஸ்ஆர்18இல் 6 ஆக்ஸ் வெளியீடுகள் உண்டு. அனலாக்கில் அவ்வளவு ஆக்ஸ் வேண்டுமென்றால் பெட்டி மிகவும் பெரிதாகிவிடும். மேடையைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற என் கட்சிக்கு டிஜிட்டல்தான் அதிகம் துணை நிற்கிறது.

ஆனால் மின்தடை வந்தால் டிஜிட்டல் மிக்சர் மறுபடி தொடங்கி எழுந்திருக்கச் சிறிது நேரம் ஆகும். பல்லவி நடுவில் அந்த மௌனத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். மிக்சர் இழுக்கும் மின்சாரம் சில பத்து வாட் மட்டுமே. கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும். டிஜிட்டலின் விலையோடு யுபிஎஸ் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

டிஜிட்டலில் ஒலி தாமதமாக வரும் என்கிறார்களே?

மிக்சருக்குள் ஏற்படும் தாமதம் ஓரிரு மில்லி நொடிதான். ஒரு மில்லி நொடியில் ஒலி ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் தூரம் போகும். மானிட்டரை அரை மீட்டர் தள்ளி வைத்தாலே அவ்வளவு தாமதம் வந்துவிடுகிறது. லயத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் ஆபத்து. அங்கே தாமதம் காதுக்கே தெரியும். நேரடிக் கச்சேரியில் புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம்.

டேப்லட்டில் இயக்கும் மிக்சரை நம்பலாமா?

நம்பலாம், வைஃபையை மட்டும் சரிசெய்துகொண்டால். எக்ஸ்ஆர் வரிசையிலும் சவுண்ட்கிராஃப்ட் யுஐ வரிசையிலும் மிக்சர் மேடையோரம் இருக்கும், நீங்கள் சபையில் எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து டேப்லட்டில் கலக்கலாம். யுஐ வரிசைக்குத் தனிச் செயலிகூட வேண்டாம், இணைய உலாவியே போதும். கடைசி வரிசைக்கு நடந்து போய் அங்கே பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்த்துக்கொண்டே சரிசெய்ய முடிவது பெரிய வரம். பாடகர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவருடைய மானிட்டரைச் சரிசெய்யவும் முடியும்.

எக்ஸ்ஆர்18இன் உள்ளமைந்த வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குவது. அரங்கம் நிரம்பி எல்லார் பையிலும் கைபேசி இருக்கும்போது அந்த அலைவரிசையில் நெரிசலாகிவிடும், இணைப்பு அறுந்துவிடும். மிக்சரின் பின்னால் உள்ள ஈதர்நெட் துவாரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் ஒன்றை இணைத்து அதன் வழியாக இயக்குங்கள். அந்த ரௌட்டரையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். இணைப்பு அறுந்தாலும் ஒலி நிற்காது, கடைசியாக வைத்த அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். உங்களால் எதையும் மாற்ற முடியாது, அவ்வளவுதான். அதற்கும் மாற்றாக ஒரு மடிக்கணினியைக் கம்பி வழியாக இணைத்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்.

லோ கட் பொத்தானை எப்போதும் அழுத்தி வைக்கலாமா?

தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தான் இது. குரலுக்கும் வயலினுக்கும் அழுத்தலாம், ஆனால் அது எந்த அளவில் வெட்டுகிறது என்று பாருங்கள். யமஹா எம்ஜி வரிசையில் 80 ஹெர்ட்ஸ். ஆலன் அண்ட் ஹீத் செட் (ZED) வரிசையில் 100 ஹெர்ட்ஸ்.

இதைச் சுருதியோடு பொருத்திப் பார்ப்போம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸ்தாயி சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 80இல் வெட்டும் வடிகட்டி அந்தப் பஞ்சமத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும், மேடைப் பலகையின் அதிர்வையும் மின்விசிறிக் காற்றின் இரைச்சலையும் மட்டும் குறைக்கும். 100இல் வெட்டினால் பஞ்சமம் விழுந்துவிடாது, ஆனால் அதன் கனம் கொஞ்சம் குறையும். மந்தர ஸ்தாயியில் நின்று நிதானமாக ராகம் பாடுகிறவருக்கு அந்த இழப்பு தெரியும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு மந்தர பஞ்சமமே 147 ஹெர்ட்ஸ். அங்கே எந்த வடிகட்டியாக இருந்தாலும் கவலையில்லை.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்க மைக்குக்கு லோ கட் போடவே வேண்டாம். கும்கியின் உயிரே அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அந்தச் சேனலில் பொத்தான் அழுத்தியிருப்பதைக் கவனிக்காமல் ‘மிருதங்கம் டப்பா மாதிரி கேட்கிறது’ என்று மைக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

டிஜிட்டல் மிக்சரில் வெட்டும் இடத்தைச் சேனலுக்குச் சேனல் நீங்களே நகர்த்திக்கொள்ளலாம். பாடகரின் கட்டையைக் கேட்டுவிட்டு அதற்கேற்ப வைக்கலாம்.

பேண்டம் பவர் கட்டாயமா?

மைக் கம்பி வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்புவதுதான் பேண்டம் பவர். மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் கண்டென்சர் மைக் வைப்பதாக இருந்தால் கட்டாயம். அதற்கு வேண்டிய 48 வோல்ட்டை மிக்சர்தான் தர வேண்டும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளுக்குத் தேவையில்லை. நல்ல எக்ஸ்எல்ஆர் கம்பியில் இணைத்திருந்தால் அவற்றுக்குப் பாதகமும் இல்லை. சிறிய அனலாக் மிக்சர்களில் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான் இருக்கும். போடும்போதும் அணைக்கும்போதும் ஃபேடர்களை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் ‘டப்’பென்று அடிக்கும். மடிக்கணினியின் ஒலியை எக்ஸ்எல்ஆர் வழியாகச் செருகியிருந்தால் அந்த 48 வோல்ட் அதற்குள் போய்விடாதபடி டிஐ பெட்டி (வாத்தியம் அல்லது கருவியின் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்துக்கொள்ளுங்கள்.

வீணை, கிட்டார், கீபோர்டு எல்லாம் நேராகச் செருகலாமா?

கீபோர்டு லைன் உள்ளீட்டில் போகும். ஸ்டீரியோ சேனல்கள் அதற்காகவே இருப்பவை. பிக்கப் பொருத்திய கிட்டாரும் வீணையும் உயர் மின்தடை உள்ளீட்டை எதிர்பார்க்கின்றன. சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் நாதம் மெலிந்து தகரம்போல ஒலிக்கும். ஆலன் அண்ட் ஹீத் செட்10 போன்ற சிலவற்றில் இரண்டு சேனல்களில் இந்த வசதி உள்ளேயே உண்டு. இல்லாவிட்டால் டிஐ பெட்டி. மிக்சர் பத்து அடிக்கு மேல் தள்ளி இருந்தால் எப்படியும் டிஐ பெட்டி வைப்பதே நல்லது.

மைக் கூவுகிறது. விலையுயர்ந்த மிக்சர் வாங்கினால் நின்றுவிடுமா?

நிற்காது. கூவல், மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதால் வருவது. முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். முன்னால் வரும் ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்னால்தான் காது மந்தம்; மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். அதைவிடக் குறுகிய கோணத்தில் வாங்கும் சூப்பர் கார்டியாய்ட் வகைக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், அதனால் மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அடுத்தது, திறந்திருக்கும் மைக்குகளைக் குறையுங்கள். திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறைகிறது. பேசி முடித்தபின்னும் அறிவிப்பு மைக் திறந்தே கிடப்பது நம் மேடைகளில் அன்றாடக் காட்சி. சேனலுக்குச் சேனல் ‘மியூட்’ பொத்தான் இருக்கும் மிக்சரை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இவற்றுக்குப் பிறகுதான் ஈக்யூ. டிஜிட்டல் மிக்சர்களில் ஆக்ஸ் வெளியீட்டிலேயே 31 பட்டை ஈக்யூ இருந்தால் கூவும் அலைவரிசையை மட்டும் கிள்ளி எடுத்துவிடலாம்.

எதிரொலி எஃபெக்ட் இருக்கும் மாடல்தான் வேண்டுமா?

மெல்லிசைக்கு வேண்டும். கர்நாடகக் கச்சேரிக்குக் குரலில் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் ரிவர்ப் (மண்டபத்தில் ஒலி எதிரொலித்து நீள்வது போன்ற எஃபெக்ட்) போதும். கல் மண்டபமாக இருந்தால் அதுவும் வேண்டாம், மண்டபமே தருகிறது. பேச்சுக்கு எஃபெக்டை அணைத்துவிடுங்கள்.

யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்ய முடியுமா?

பெட்டியில் யூஎஸ்பி துவாரம் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் அது எதற்கானது என்று கேளுங்கள். சிலவற்றில் பென் டிரைவிலிருந்து பாட்டுப் போட மட்டும். சிலவற்றில் கணினியோடு இணைத்து இரண்டு தடங்களில் பதிவு செய்ய. எக்ஸ்ஆர்18 கணினிக்கு 18 தடங்களைத் தனித்தனியாக அனுப்பும். சவுண்ட்கிராஃப்ட் யுஐ24ஆர் கணினி இல்லாமலே பென் டிரைவில் 22 தடங்கள் வரை பதிவு செய்யும்.

இணையத்தில் நேரலை போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சிறிய மண்டபத்தில் மிருதங்கமும் கடமும் நேராகவே போதுமான அளவு கேட்பதால் மிக்சரில் அவற்றைக் குறைவாகத்தான் வைத்திருப்போம். அதே கலவையை நேரலைக்குக் கொடுத்தால் வீட்டில் கேட்பவருக்குக் குரல் மட்டும் ஓங்கி, தாளவாத்தியம் தூரத்தில் எங்கோ கேட்கும். நேரலைக்கென்று ஒரு ஆக்ஸைத் தனியாக ஒதுக்கி, ஹெட்போனில் கேட்டுக் கலந்து அனுப்புங்கள். ஆக்ஸ் எண்ணிக்கையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆம்ப்ளிபையரும் மிக்சரும் ஒன்றாக இருக்கும் பெட்டி வாங்கலாமா?

கூட்டப் பேச்சுக்கும் கோவில் அறிவிப்புக்கும் அது நன்றாக உழைக்கும். இசைக்கு வேண்டாம் என்பேன். அவற்றில் பெரும்பாலும் மானிட்டருக்குத் தனி வழியோ சேனலுக்குச் சேனல் ஈக்யூவோ இருப்பதில்லை. உள்ளே ஆம்ப்ளிபையர் பொருத்திய ஸ்பீக்கர்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அவற்றோடு சாதாரண மிக்சரைச் சேர்ப்பதே நல்லது.

உம் என்ற இரைச்சல் வந்துகொண்டே இருக்கிறது. மிக்சர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த உம் ஒலியும் அதுவேதான். மிக்சர் ஒரு பிளக் பாயின்டிலும் ஸ்பீக்கர் வேறு மூலையில் வேறு பிளக் பாயின்டிலும் எர்த் ஆகும்போது அவற்றுக்கிடையே சுழலும் மின்னோட்டம் ஒலியில் கலந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்த நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள், வெளி இரைச்சலைக் குறைக்கும் சமநிலைக் கம்பிகளை (எக்ஸ்எல்ஆர் கம்பி போன்றவை) பயன்படுத்துங்கள், டிஐ பெட்டியின் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தானைப் போட்டுப் பாருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். உலோக மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது.

கடைசியில் எந்த மாடல்தான் வாங்குவது?

வீட்டுக் கச்சேரி, பாட்டு வகுப்பு, மூன்று பேர் குழு என்றால் நான்கு மைக் உள்ள யமஹா எம்ஜி10எக்ஸ்யூவோ செட்10ஓ போதும். இரண்டிலும் ஃபேடர் கிடையாது, அளவையும் குமிழால்தான் திருப்ப வேண்டும். அதற்குக் கை பழகிவிடும்.

மாதம் ஒரு கச்சேரி நடத்தும் சபா, பலர் கைமாறி இயக்குவார்கள் என்றால் எம்ஜி12எக்ஸ்யூ. மின்மாற்றி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் அடாப்டரைத் தொலைக்கும் கவலையும் இல்லை. கொஞ்சம் இடமும் பணமும் கூடுதலாக இருந்தால் எம்ஜி16எக்ஸ்யூவுக்குப் போங்கள். எஃபெக்ட் உட்பட நான்கு ஆக்ஸ் கிடைக்கும்.

நிரந்தரமாக ஒருவர் பொறுப்பேற்கிறார் என்றால் எக்ஸ்ஆர்18, அல்லது யுஐ24ஆர். ரௌட்டர், யுபிஎஸ், டேப்லட் மூன்றையும் கூட்டித்தான் அதன் உண்மையான விலை.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் மிக்சரில் ஒரு படி இறங்கி, மைக்கிலும் மானிட்டர் ஸ்பீக்கரிலும் இறங்காமல் இருங்கள்.

பழைய மிக்சர் வாங்கினால் எதைச் சோதிப்பது?

சென்னை ரிச்சி தெருவிலோ தெரிந்தவரிடமோ எங்கே வாங்கினாலும் சொந்த மைக்கையும் ஹெட்போனையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மைக் துவாரத்திலும் செருகிப் பேசிப் பாருங்கள், கம்பியை லேசாக அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் ஃபேடரையும் முழுத் தூரம் நகர்த்துங்கள். கரகரத்தால் தூசியாக இருக்கலாம், சுத்தம் செய்துவிடலாம். நடுவில் ஒலி அறுந்தால் தேய்மானம், வேண்டாம். கண்டென்சர் மைக் ஒன்றைக் கொண்டு போனால் 48 வோல்ட் எல்லாத் துவாரத்திலும் வருகிறதா என்று தெரிந்துவிடும். ஆக்ஸ் வெளியீட்டைத் தனியாக ஒரு ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்காமல் பணத்தை நீட்ட வேண்டாம். அடாப்டரில் இயங்கும் மாடலாக இருந்தால் அதனுடைய சொந்த அடாப்டர்தானா என்று எழுத்தைப் படித்துப் பாருங்கள். பல மிக்சர்களுக்குத் தனி வகை மின்னழுத்தம் வேண்டும், வேறு எதுவும் பொருந்தாது.